மாம்பலத்தார் கட்டிய ஊர்

ஒரு வீடுகூட இல்லாத ஊருக்குத் தபாலாபீஸ் வேண்டும் என்று மனுப் போட்ட மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் தர்மபுரியில் யாருக்கும் நினைவில்லை. அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும்; அந்தக் காலத்து மனைவி, ஆகவே சொல்லமாட்டார். ஊருக்கு அவர் மாம்பலத்தார். பிறந்து வளர்ந்தது மாம்பலத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். பரம்பரையாகப் புளி மண்டி வைத்திருந்த குடும்பம். ஏதோ பாகப்பிரிவினை வழக்குக்காகச் சென்னைக்குப் போனவர், மாம்பலத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் மூன்று நாள் தங்கினார். வழக்கு தோற்றது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. அங்கே புதிதாகப் போட்டிருந்த நேர்நேரான தெருக்களையும், வீட்டுக்கு வீடு விட்டிருந்த இடைவெளியையும் பார்த்துவிட்டு, காசிக்குப் போய் வந்தவரைப்போல முகமெல்லாம் பிரகாசமாகத் திரும்பினார். அன்று முதல் "மாம்பலத்துல பாத்தீங்கன்னா..." என்று தொடங்காமல் அவர் வாயைத் திறந்ததில்லை. கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவரிடம்கூட, "மாம்பலத்துல பாத்தீங்கன்னா, எலைக்கும் எலைக்கும் நடுவுல ஒரு மொழம் எடம் வுடுவாங்க" என்பார். வாங்கிய ரசம் அதற்குள் ஆறிப்போகும்.

இப்படித்தான் 'சுகவாச நகர நிர்மாணக் கம்பெனி லிமிடெட்' உதயமாயிற்று. 'லிமிடெட்' என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "அளவோட இருப்போம்னு அர்த்தமுங்க" என்று சொல்வார். அந்த அளவு இருந்தது கம்பெனிப் பெயர்ப்பலகையில் மட்டும்தான்.

ஊருக்கு மேற்கே, பாலக்கோட்டுக்குப் போகும் சின்ன ரயில் பாதையை ஒட்டி, கல் மண்டிய மேடாக ஒரு கரடு இருந்தது. கொள்ளு விதைத்தால் விதை திரும்பி வராது. அந்தப் பூமியை மாம்பலத்தார் விரும்பி வாங்கினார். சுண்ணாம்புக் கோடு போட்டுத் தெரு பிரித்தார். மூலைக்கு மூலை கல் நட்டார். அறுபது அடி அகலத்தில் நடுவே ஒரு மெயின் ரோடு, அதற்குக் குறுக்கே குறுக்குத் தெருக்கள். எல்லாவற்றையும் ஒரு பெரிய மல் துணியில் வரையச் சொல்லி, சுருட்டி எப்போதும் அக்குளில் வைத்துக்கொண்டிருப்பார். மழை வந்தால் குடை துணிக்குத்தான். அவர் நனைந்துகொண்டு வருவார்.

நான் இண்டர்மீடியட்டில் தோற்று, வீட்டில் இருந்தால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று வேலை தேடிக்கொண்டிருந்த சமயம் அது. கம்பெனியில் குமாஸ்தா வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கரட்டுக்குப் போனேன். அவர் தூரத்தில் ஒரு புங்கங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நேராக அவரைப் பார்த்து நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன்.

"ஏய்! ஏய்! நில்லுங்க!" என்று ஒரு அலறல்.

பாம்பை மிதித்துவிட்டேனாக்கும் என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"அடுத்தவங்க வூட்டுச் செவத்துல பூந்து வர்றீங்களே, நாயமா இது? நீங்க நிக்கிறது சமையக்கட்டு. பொம்பளைங்க பொழங்கற எடம். பின்னால போயி, மூணாவது குறுக்குத் தெருவுல எறங்கி, மெயின் ரோட்டுல திரும்பி வாங்க!"

சுற்றிலும் பார்த்தேன். கல்லும் ஆவாரஞ்செடியும்தான். ஆனாலும் நான் பின்னால் போனேன். மூன்றாவது குறுக்குத் தெருவில் இறங்கி, மெயின் ரோட்டில் திரும்பி, அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுவரைக்கும் வேல கேட்டு வந்தவங்கள்ல ரோட்டுல நடந்து வந்தது நீங்க ஒருத்தர்தான். நாளைக்கே வந்துருங்க தம்பி."

என் படிப்பைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

எனக்குக் கற்றுக்கொடுத்ததை முனியம்மாளுக்குக் கற்றுக்கொடுக்க அவரால் முடியவில்லை. முனியம்மாள் அந்தக் கரட்டில் ஆடு மேய்ப்பவள். ஆடுகளைக் கன்னடத்திலும் மனிதர்களைத் தமிழிலும் திட்டுவாள். ஆடுகளும் தெரு வழியாகத்தான் போகவேண்டும் என்று மாம்பலத்தார் சட்டம் போட்டார்.

"ஆட்டுக்கு ரோடு தெரியுமாங்க சாமி?" என்றாள் அவள்.

"பழக்குனா தெரியாதா?"

"சரிங்க. மொதல்ல நீங்க ஓட்டிக் காட்டுங்க. பாத்துக் கத்துக்கறேன்."

அன்று பகல் முழுக்க மாம்பலத்தார் ஆடு ஓட்டினார். முனியம்மாள் மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். மறுநாள் முதல் சட்டம் தளர்த்தப்பட்டது. ஆடுகள் 'பார்க்' என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் மேயலாம் என்று ராஜி ஆயிற்று. அங்கே புல் கிடையாது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

தபாலாபீஸ் மனுவுக்கு வருகிறேன். மனுவைப் பார்த்த தபால் இலாகா, விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பியது. கோட்டும் தலைப்பாகையுமாக அவர் வந்து இறங்கினார். மெயின் ரோட்டில் நின்று நாலு திசையும் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜனங்க எங்கே?"

"வந்துக்கிட்டே இருக்காங்க" என்றார் மாம்பலத்தார், யாரோ வளைவில் திரும்பிக்கொண்டிருப்பதைப் போல.

"முதல்லே ஜனங்க வரட்டும். அப்புறம் ஆபீஸ் வரும்."

"நீங்க அப்படிச் சொல்றீங்க. ஜனங்க என்னாடான்னா, மொதல்ல தபாலாபீஸு வரட்டும், அப்புறம் வர்றோங்கறாங்க. ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தர் மொதல்ல வந்துதானுங்களே ஆவணும்? அவங்க ஏழைபாழைங்க. நீங்க சர்க்காரு. பெரியவங்க நீங்க மொதல்ல வாங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பி நடந்து போய்விட்டார். குறுக்கே, நாலைந்து சமையற்கட்டுகளின் வழியாக. மாம்பலத்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தது ரயில். மொரப்பூரில் புறப்பட்டு, தர்மபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி என்று ஓசூர் வரைக்கும் போகும் அந்தச் சின்ன ரயிலை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வேகத்தைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. நடந்து போகிறவர்களுக்கு அது நல்ல துணை. சுகவாச நகரில் வண்டி நிற்கவேண்டும் என்று மாம்பலத்தார் எழுதிப் பார்த்தார். முடியாது என்று பதில் வந்தது. அவர் மனம் தளரவில்லை. சித்திரை வெயிலில், பாதையோரம் ஒரு கீற்றுப் பந்தல் போட்டு, பெரிய பானையில் நீர்மோரோடு உட்கார்ந்துவிட்டார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணக்கும் மோர். முதல் நாள் டிரைவர் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டாம் நாள் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் வண்டி தானாக நிற்கத் தொடங்கியது. டிரைவர், கார்டு, பிரயாணிகள் எல்லோரும் இறங்கி மோர் குடித்தார்கள். குடிக்கிறவர்கள் கையில் தம்ளர் இருப்பதால் ஓடமுடியாது. மாம்பலத்தார் மல் துணியை விரித்துவிடுவார்.

"இதா இது ஸ்கூலு. இது ஆஸ்பத்திரி. நீங்க நிக்கறீங்களே, அது வாசகசாலை. சித்த மெதுவா பேசுங்க."

இப்படி மோர் குடிக்க இறங்கியவர்களில் பலர் மனை வாங்கினார்கள். பாலக்கோட்டு வெல்ல வியாபாரிகள், சேலத்து வக்கீல் ஒருவர், ஓசூர்ப் பக்கத்துப் பட்டு வியாபாரி இப்படி. எல்லோரும் வாங்கிப் போட்டார்கள். யாரும் கட்டவில்லை. தினமும் மாலையில் மாம்பலத்தார் காலி மனைகளைச் சுற்றி வந்து, யார் வீட்டிலாவது அஸ்திவாரம் தோண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் ஒரு மனையில் குழியைப் பார்த்துவிட்டு ஓடினார். முயல் தோண்டியது.

அப்படியிருக்கையில்தான் ஞானம் டீச்சர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கல்யாணமாகாதவர். தர்மபுரியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. எங்கோ போய்விட்டு ரயிலில் வந்துகொண்டிருந்தவர், மோர் குடிக்க இறங்கினார். மாம்பலத்தார் வழக்கம்போல ஸ்கூல், ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தார். டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க. தனியா இருக்கற பொம்பளைக்கு இங்க எடம் குடுப்பீங்களா?"

மாம்பலத்தாருக்குப் புரியவில்லை. டீச்சரே சொன்னார். ஊரில் அவருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நிலைப்பதில்லை. ஒரு வீட்டுக்காரர், தம்பி வந்து தங்கியதற்குக் காலி செய்யச் சொன்னார். இன்னொருவர், யாருமே வந்து தங்குவதில்லையே என்று சந்தேகப்பட்டுக் காலி செய்யச் சொன்னார். "பொட்டியக் கட்டறதும் அவுக்கறதுமா இருக்குதுங்க என் பொழப்பு" என்று சிரித்தார். சிரித்த விதம் நன்றாக இல்லை.

மாம்பலத்தார் அன்று மாம்பலத்தைப் பற்றிப் பேசவில்லை. "உங்க பேருல மனை வாங்குனா அது உங்க வூடுங்க. உங்களைக் காலி பண்ணச் சொல்ல எந்தக் கொம்பனாலயும் ஆவாது" என்றார்.

டீச்சர் மனை வாங்கினார். வாங்கியதோடு நிற்கவில்லை, கட்டவும் ஆரம்பித்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் எழுந்தது. மாம்பலத்தார் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அந்தச் சுவரைத் தடவிப் பார்ப்பார். குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல இருக்கும்.

அந்த நேரத்தில் யுத்தம் வந்தது. சிமெண்டு கிடைக்கவில்லை, இரும்பு கிடைக்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று சின்ன ரயிலை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாம்பலத்தார் மோர்ப் பந்தலில் உட்கார்ந்து, தண்டவாளம் துண்டு துண்டாக வண்டியேறுவதைப் பார்த்தார். கழற்ற வந்த கூலிகளுக்கும் மோர் கொடுத்தார்.

ரயில் போனதும் மனை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து, மனை வேண்டாம் என்றார்கள். அவர் யாரிடமும் வாதாடவில்லை. புளி மண்டியை விற்று, எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்தார். மிஞ்சியது கரடும், பாதிச் சுவரும், நானும்.

அப்போது சேலத்திலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்தார். கரட்டிலிருந்த கருங்கல்லைத் தட்டிப் பார்த்தார். "மொத்தமா எனக்குக் குடுத்துடுங்க. ராணுவத்துக்கு ரோடு போட ஜல்லி வேணும். உங்க மண்டி மாதிரி ரெண்டு மண்டி வாங்கிப்புடலாம்" என்றார்.

நான் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். மாம்பலத்தார் எழவில்லை.

"டீச்சர் வூடு?"

"அதை என்ன, இடிச்சுக்கலாம். அவங்களுக்கும் ஏதாச்சும் குடுத்து அனுப்பிச்சிடலாம்."

"அவங்கள அனுப்பறதுன்னா அப்புறம் நான் எதுக்கு?" என்று மாம்பலத்தார் தன்னையே கேட்டுக்கொள்வதைப் போலச் சொன்னார். காண்டிராக்டரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, டீச்சரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். "எனக்காக நீங்க நட்டப்பட வேண்டாம். ரயில் இல்லாட்டிப் பரவால்ல, நடந்துக்குவேன். கரண்டு, ஆஸ்பத்திரி ஒண்ணும் வேணாம். ஆனா தண்ணி இல்லாம எப்படிங்க இருக்கறது? தண்ணி மட்டும் இருந்தாச் சொல்லுங்க, இருக்கேன். இல்லைன்னா வித்துடுங்க, நான் கோவிச்சுக்கமாட்டேன்."

அங்கேதான் சிக்கல். மல் துணிப் படத்தில் 'பொதுக் கிணறு' என்று எழுதியிருந்த இடத்தில் ஏற்கெனவே வெட்டிப் பார்த்தாயிற்று. பாறை. 'பார்க்'கிலும் வெட்டினோம். பாறை. 'ஆஸ்பத்திரி'யில் வெட்டியதில் தேள் கிடைத்தது. கடைசியில் கடத்தூரிலிருந்து ஒரு நீரோட்டக்காரரை வரவழைத்தார் மாம்பலத்தார். வேப்பங்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கரடு முழுக்க நடந்தார். பின்னாலேயே மாம்பலத்தார், அவர் பின்னால் நான், சற்றுத் தள்ளி ஆடுகளோடு முனியம்மாள். மாம்பலத்தார் மனைவியும் அன்று வந்திருந்தார். அந்த அம்மாள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

குச்சி எங்கும் அசையவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்தோம். நட்டநடு ரோட்டில் குச்சி சடாரென்று கீழே வளைந்தது.

"இங்கதானுங்க. கங்கையே ஓடுது" என்றார் நீரோட்டக்காரர்.

"சித்த ஓரமா பாருங்க" என்றார் மாம்பலத்தார்.

ஓரத்தில் குச்சி அசையவில்லை. மறுபடி நடுவில் வைத்தால் வளைந்தது.

மாம்பலத்தார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுபதடி ரோடு அவருடைய உயிர். அதன் நடுவில் நின்று பார்த்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வளைவு இருக்காது. அதில் ஒரு கல் கிடந்தால்கூடத் துண்டால் தூசி தட்டி ஓரமாக எடுத்து வைப்பார். "நடு ரோட்டுல கெணறு வெட்டுன ஊர் எங்கயாச்சும் உண்டுங்களா? கேக்கறவன் சிரிக்கமாட்டானா? மாம்பலத்துல பாத்தீங்கன்னா..." என்றார்.

அப்போதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தார்.

"மாம்பலத்துல கெணறு எங்கங்க இருந்துச்சு?"

மாம்பலத்தார் நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். வெகுநேரம் யோசித்தார்.

"பாக்கலியே."

"மூணு நாளு இருந்தீங்க. குளிச்சிருப்பீங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்கலியா?"

"ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"அதான்" என்றார் அந்த அம்மாள். அதோடு சரி. முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்.

முனியம்மாள் சிரித்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. மாம்பலத்தார் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கூலியாட்களைக் கூப்பிடச் சொல்லி என்னை அனுப்பிவிட்டு, நான் திரும்பி வருவதற்குள் கடப்பாரையை எடுத்து, தன்னுடைய மெயின் ரோட்டை நடுவில் தானே குத்தியிருந்தார். கண் கலங்கியிருந்தது. வியர்வை என்றார்.

தண்ணீர் வந்தது. கங்கை என்று சொல்லமுடியாது. ஆனால் நல்ல தண்ணீர், பருப்பு வேகும் தண்ணீர். மெயின் ரோடு அந்த இடத்தில் வயிறு பிதுங்கியதுபோல இரண்டு பக்கமும் வளைந்து கிணற்றைச் சுற்றிப் போயிற்று. காண்டிராக்டருக்கு இல்லை என்று நான்தான் எழுதினேன். டீச்சர் வீடு முடிந்தது. நாட்டு ஓடு போட்ட சின்ன வீடு. பால் காய்ச்சிய அன்று டீச்சர் டிரங்குப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்து, துணிமணிகளை வெளியே எடுத்துவிட்டு, காலிப் பெட்டியை மாம்பலத்தார் மனைவியிடம் கொடுத்தார். "அரிசி போட்டு வெச்சுக்குங்கம்மா. எனக்கு இனிமே இது வேணாம்."

பொழுது சாய்ந்து நாங்கள் கிளம்பும்போது மாம்பலத்தார் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கரட்டில் அந்த ஒரு விளக்கு மட்டும் தெரிந்தது. மறுநாள் நான் ஊருக்குள் இருந்த அவருடைய பெரிய வீட்டுக்குப் போனால், அங்கிருந்து பண்டபாத்திரங்களை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"டீச்சர் வூட்டுக்குப் பக்கத்துல ஒரு கொட்டாய் போட்டுக்கறோம் தம்பி. ஒத்த வூடுன்னா அது வெறும் வூடு. பக்கத்துல இன்னொண்ணு இருந்தாத்தான் அது தெரு."

மாம்பலத்தார் மனைவி அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்தபடி வண்டியில் வந்தார். அவர் முகத்தில் நான் கோபத்தைத் தேடினேன். காணோம்.

இரண்டு வீடு ஆனதும் மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. டீச்சரின் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் இரண்டு டீச்சர்கள் வந்தார்கள். ஒரு கம்பவுண்டர் வந்தார். அதியமான்கோட்டையிலிருந்து ஒரு தையற்காரர், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக வந்தார். அன்று ஒரே நாளில் சுகவாச நகரின் ஜனத்தொகை இரட்டிப்பாயிற்று. அவர்களுக்கெல்லாம் மாம்பலத்தார் மனையைக் கொடுத்த விதத்தைப் பார்த்தால் விற்றார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கம்பெனி பணக்காரக் கம்பெனியாக ஆகவே இல்லை.

எனக்குச் சேலத்தில் ரேஷன் ஆபீசில் வேலை கிடைத்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். "போங்க தம்பி, சர்க்காரு உத்தியோகம்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு கல்யாணம், குழந்தை, மாற்றல் என்று எனக்கு வருஷங்கள் ஓடின. சுதந்திரம் வந்த பிறகு ஒருநாள் தர்மபுரிக்குப் போனவன் அவரைப் பார்க்கப் போனேன்.

நன்றாக இளைத்திருந்தார். இருமல் இருந்தது. டீச்சர் கஷாயம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கிறவரை நகராமல் நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல அவரும் ஒரே மடக்கில் குடித்தார். கிணற்றடியில் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. "இங்க எப்பவும் இரைச்சல் தம்பி. நிம்மதியே இல்ல" என்று பெருமையாகச் சலித்துக்கொண்டார்.

நான் கிளம்பியபோது என்னோடு பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கி, ரகசியமாகச் சொன்னார்:

"கடத்தூர்ப் பக்கம் ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேன். இன்னும் யாருக்கும் தெரியாது. இந்த வாட்டி மொதல்ல தண்ணி, அப்புறம்தான் ரோடு. நீங்க உத்தியோகத்த வுட்டுட்டு வந்துருங்க தம்பி. ஒரு ஊரு கட்டுவோம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பஸ் புறப்பட்டது.

அடுத்த மாசியில் அவர் காலமாகிவிட்டார். நான் அவரை அப்புறம் பார்க்கவில்லை. எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். சேலத்தில் நிரந்தர உத்தியோகம். வருஷாவருஷம் சம்பள உயர்வு. ஆனால் அவரிடம் விடைபெற்ற அன்று தொப்பூர்க் கணவாய் இறங்கி, பஸ் சேலம் போய்ச் சேருகிற வரைக்கும், ராஜினாமாக் கடிதத்தில் என்ன காரணம் எழுதலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.